மீசை வழியாக வந்த தண்ணீர்

“அப்பா, உங்க கண்ணாடி பவர் எவ்வளவு?”

ஓசூரிலிருந்து போன் செய்த மகள் எடுத்தவுடனே இதைத்தான் கேட்டாள். சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்ற பேச்செல்லாம் இல்லை. நான் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். பவர் எனக்குத் தெரியாது. கண்ணாடியைப் போட்டால் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியும், கழற்றினால் தெரியாது. அதற்கு மேல் நான் கேட்டுக்கொண்டதில்லை.

“எதுக்கு கண்ணு?”

“சொல்றேன். மொதல்ல டவுனுக்குப் போயி கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு, அந்தச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க. பழைய சீட்டு வேணாம்.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளும் மருமகனும் நானும் என் மனைவியும் அந்தமானுக்குப் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அங்கே கடல் ஆழமில்லாத இடத்தில் முகத்தைக் குப்புறப் போட்டு மிதந்தால் அடியில் இருப்பதெல்லாம் தெரியுமாம். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாதிரி ஒரு மாஸ்க், வாயில் கடித்துக்கொள்ள ஒரு மூச்சுக் குழாய்.

“அம்மாவுக்குக் கரையில சேர் போட்டுடலாம். நீங்க எறங்கறீங்க. எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தவரு கரையில ஒக்காந்தா நல்லாவா இருக்கும்? கண்ணாடி இல்லாம உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் பவர் வெச்ச மாஸ்க் சொல்லியிருக்கேன். பெங்களூர்ல ஒரு கடையில பண்ணித் தர்றாங்க.”

“சரி கண்ணு,” என்றேன்.

நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்கிறவன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சரி என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிச் சொல்லிச் சொல்லி நான் போக விரும்பாத கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், வாங்க விரும்பாத விதையை வாங்கியிருக்கிறேன்.

ஆனால் அன்று சொன்ன சரி அப்படிப்பட்டது இல்லை. ஊரை விட்டு அவ்வளவு தூரம் போவதும், விமானத்தில் ஏறுவதும், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் சட்டையைக் கழற்றுவதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தோட்டத்துக் கிணறு பெரியது. சின்ன வயதில் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அதில்தான் குதிப்போம். ஒரு வெள்ளைக் கல்லைத் தூக்கிப் போட்டு, யார் முதலில் எடுக்கிறார்கள் என்று பந்தயம் நடக்கும். மற்றவர்கள் கல்லைப் பார்த்துப் போவார்கள். நான் அடிவரைக்கும் போய்ச் சேற்றில் கையால் தடவிக்கொண்டிருப்பேன். நீச்சலில் யாருக்கும் நான் குறைந்தவன் இல்லை, கல் மட்டும் கிடைக்காது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். உயரமாக இருக்கிறேன் என்று கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். போர்டில் எழுதியது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுந்து சொல்ல வாய் வரவில்லை. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டு அப்பாவோடு ஏர் பிடிக்கப் போய்விட்டேன். எனக்குக் கண் சரியில்லை என்பதைக் கண்டுபிடித்தவள், கல்யாணமாகி வந்த என் மனைவி. தெருமுனையில் நின்ற அவளை யாரோ என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனேனாம்.

டவுனில் கண்ணாடிக் கடையில் டெஸ்ட் பண்ணுகிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மூக்கில் கனமான வட்ட ஃப்ரேமை மாட்டி, கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

“இப்ப நல்லா தெரியுதாண்ணா, இல்ல… இப்பவா?”

“ரெண்டுமே நல்லாத்தான் இருக்குதுங்க.”

“சரி. இது? இல்ல இது?”

“இதுவும் நல்லா இருக்குதுங்க.”

இத்தனை வருடமும் நான் இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். நமக்காக ஒருத்தர் நின்றுகொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அப்போது போய் நல்லா இல்லை என்று எப்படிச் சொல்வது? போட்டதெல்லாம் நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்தப் பெண் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ரெண்டும் ஒரே மாதிரி நல்லா இருக்க முடியாதுண்ணா. நான் கோவிச்சுக்க மாட்டேன், சும்மா சொல்லுங்க.”

மகள் போனில் சொன்னது நினைவு வந்தது. மாஸ்க்கில் கண்ணாடியைப் பொருத்திவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. இந்தச் சீட்டு தப்பாகப் போனால் கடலுக்குள்ளும் புகைதான்.

“இது சரியில்லைங்க,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“அப்பிடிச் சொல்லுங்க. இது?”

“இது அதைவிட மோசங்க.”

அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. அப்புறம் மளமளவென்று நடந்தது. கடைசியில் போர்டில் இருந்த அடி வரி எழுத்து எழுத்தாக நின்றது. வாசலுக்குக் கூட்டிப் போனாள். எதிர்ச்சாரியில் நின்ற பஸ்ஸின் நெற்றியில் அரூர் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அவள் என் பழைய கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டு எப்பிடிண்ணா வண்டி ஓட்டுனீங்க?”

“மெதுவாத்தாங்க.”

அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க்குக்கு வேண்டிய பவரை ஒரு சீட்டில் தனியாக எழுதிக் கொடுத்தாள். போட்டுக்கொள்ளப் புதுக் கண்ணாடியும் செய்து வாங்கினேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மாஸ்க்கோடு வந்தாள். கறுப்பு ரப்பர் விளிம்பு, நடுவில் மூக்குக்கு ஒரு குழி, இரண்டு பக்கமும் என் பவர். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, மாட்டு வாய்க்கு மாட்டற கூடையாட்டம் இருக்குது? உங்கப்பன் எதையாச்சும் மேஞ்சுட்டானா?”

“தண்ணிக்குள்ள பாக்கறதுக்கு தாத்தா.”

“தண்ணிக்குள்ள என்னா இருக்குது பாக்கறதுக்கு? தண்ணிதான் இருக்கும்.”

அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தை மாதத்தில் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தவர். காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. நெஞ்சு மட்டும்தான் சொன்னபடி கேட்பதில்லை. இருமல் வந்தால் கட்டில் கயிறெல்லாம் குலுங்கும்.

மகளும் நானும் கிணற்றுக்குப் போனோம். இப்போது போர் தண்ணீரை விட்டுத் தேக்கிவைத்திருக்கிறோம், பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மாஸ்க்கை மாட்டி, குழாயைக் கடித்து, படியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். ஒரு நொடி, அவ்வளவுதான், தண்ணீருக்குள் இறங்கிப் போகிற படிகள் தெரிந்தன. பச்சையாக, விளிம்பு விளிம்பாக. அதற்குள் மூக்குக்கு அடியில் சில்லென்றது. தண்ணீர் ஏறி மூக்கை மூடியது. இருமிக்கொண்டே எழுந்தேன்.

வாரை இறுக்கினோம், மறுபடி தண்ணீர். வாஸ்லின் தடவினோம், மறுபடியும் தண்ணீர். மகள் படியில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா, மீசைதான். ரப்பர் தோல்ல ஒட்டணுமாம். முடி இருந்தா அது வழியா தண்ணி வருமாம்.”

நான் மீசையிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டேன்.

“எடுத்துட்டா மறுபடி வளந்துடப் போவுது. வீட்டுக்காரரு வாராவாரம் எடுக்கறாரு.”

“அவங்க டவுனு கண்ணு.”

“இப்பல்லாம் யாருப்பா அதைப் பாக்கறாங்க?”

எங்கள் பக்கத்தில் பார்ப்பார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுக்க மாட்டான். பழனிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டாலும் மீசையை விட்டுவிட்டுத்தான் போடுவோம். அப்பா போன அன்றைக்குத்தான் உட்காரவைத்துத் தலையோடு சேர்த்து அதையும் எடுப்பார்கள். மீசையில்லாமல் ஒருத்தன் எதிரே வந்தால் எங்கள் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, “எப்போ?” என்பதுதான்.

மகளிடம் இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். அவள் அன்று சாயங்காலம் ஓசூருக்குப் போய்விட்டாள். மாஸ்க் இங்கேயே இருந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் போன் வரும். “எடுத்துட்டீங்களாப்பா?” “பாக்கறேன் கண்ணு.” அந்தப் பக்கம் அவள் ஆசையாகக் காத்திருக்கிறாள். இந்தப் பக்கம் கட்டிலில் அப்பா இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் மீசையைத்தான் பார்க்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். அது இருக்கிறவரைக்கும் தான் இருக்கிறோம் என்று அவர் நினைக்கிறாரோ? எடுத்துவிட்டு வந்து முன்னால் நின்றால், நீ எப்போ போவாய் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? மகளிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, அப்பாவிடம் போய்க் கேட்கவும் முடியவில்லை. பயண நாள் மட்டும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

என்ன செய்யலாம் என்று மனைவியிடம் கேட்டபோது, “எனக்குத் தெரியாதுங்க. அது உங்க மொகம்,” என்றாள்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் மாஸ்க்கோடு முகத்தை விட்டேன். தண்ணீர் உள்ளே வருவதற்குள் அடி தெரிந்தது. ஒரு வளையல் துண்டு, ஒரு வேப்பிலை, அண்டாவின் அடியில் பல வருடத்துக்கு முன்னால் ஒட்டுப்போட்ட இடம். எல்லாம் எண்ணெய் தேய்த்துத் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தன. ஒரு அண்டாவுக்குள்ளேயே இவ்வளவு இருந்தால் கடலுக்குள் எவ்வளவு இருக்கும்? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் தக்காளிக் கூடையை மண்டியில் இறக்கிவிட்டு, எங்கள் ஊர்க்காரர்கள் வராத ஒரு சலூனாகப் பார்த்து உள்ளே போனேன்.

கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். கழற்றியதும் எதிரே கண்ணாடியில் என் முகம் கரைந்துபோனது. பின்னால் பெஞ்சில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பது வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

“கட்டிங்காண்ணா, சேவிங்கா?” என்றார் முடிவெட்டுகிறவர்.

“மீசைங்க.”

“ட்ரிம்மா?”

“முழுசா.”

கத்தரிச் சத்தம் நின்றது. அவர் கையை நீட்டிப் பாட்டை அணைத்தார். “அப்பாவாண்ணா?” என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை, கடலுக்குள் போவதற்கு என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எந்தக் கடல், எதற்கு என்று கேட்பார்கள். அப்பா இருக்கும்போதேவா என்று அடுத்த கேள்வி வரும். நான் வாயைத் திறக்கவில்லை.

“பெரியவருக்கு என்ன வயசு இருக்கும்?”

இதற்கு உண்மையையே சொல்லலாம். “எம்பது தாண்டிருச்சுங்க.”

“கல்யாண சாவுதான்ணா. மனசை விட்டுடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே கத்தியை வைத்தார். பின்னாலிருந்து ஒரு குரல் “ம்ம்” என்று பெருமூச்சு விட்டது. எங்கோ கேட்ட குரலாக இருந்தது. எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஒரு வெள்ளைச் சட்டை வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

பஸ்ஸில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லம்பள்ளி தாண்டி எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் வரப்பு வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். மாஸ்க்கை மோட்டார் ரூமில்தான் ஒளித்துவைத்திருந்தேன். எதற்காக எடுத்தேனோ அதை முதலில் பார்த்துவிடுவது, அப்பா முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று பிறகு யோசிப்பது. கண்ணாடியைக் கழற்றி மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கினேன்.

ரப்பர் மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வரவில்லை.

முதலில் பயம்தான் வந்தது. மூக்கு அடைபட்டிருந்தது. என் மூச்சு குழாயில் ஏறி இறங்குகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. யாரோ முகத்தைப் பிடித்து அமுக்கிவைத்த மாதிரி இருந்தது. பிறகு கண் பழகியது. கிணற்றுச் சுவரின் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயில் சாய்ந்து இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட, அதற்குக் கீழே இருட்டு தொடங்கியது. கொசுவுக்காக விட்ட சின்ன மீன்கள் என் கைவிரலுக்குக் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. அப்புறம் அந்தப் படி. ஒரு முனை உடைந்த படி. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை என் கால் பெருவிரலைக் கிழித்த படி. எங்கே இருக்கிறது என்று காலுக்கு மட்டும்தான் தெரியும், கண் பார்த்ததே இல்லை. உடைந்த இடம் அரைவட்டமாக, கடித்து வைத்த ரொட்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் மிதந்தேன் என்று தெரியாது.

தலையைத் தூக்கினேன். வீட்டுப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது.

“என் கூடப்பொறந்த அண்ணா… ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே அண்ணா…”

அரூர் பக்கத்தில் கட்டிக்கொடுத்த என் அத்தையின் குரல். அவளுக்கு அண்ணன் என்று இருப்பது என் அப்பா ஒருத்தர்தான்.

நான் எடுத்தேன், அவர் போய்விட்டார். வேறு எதுவும் தோன்றவில்லை. படியேறியது தெரியாது. ஈரத்தோடு வரப்பில் ஓடினேன். வேப்பமரத்தடியில் கூட்டமாகத் தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. கண்ணாடி மோட்டார் ரூமில். மாஸ்க் நெற்றியில் இருந்தது. ஓடிக்கொண்டே அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தேன்.

கட்டில் தெரிந்தது. கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு ரோஜா மாலை. அதைக் கழற்ற முயன்றுகொண்டு, தங்கச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணின் ஓரத்துப் பீளைகூட எனக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். சலூன் பெஞ்சில் இருந்தவர் நான் தக்காளி போடுகிற மண்டிக்காரர். வெளியே வந்ததுமே தெரிந்தவர்கள் நான்கைந்து பேருக்குப் போன் போட்டிருக்கிறார். யாரோ அப்பாவின் படத்தை என் மகள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டியெடுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். அத்தை வண்டி வைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது, அப்பா முகத்தை வேட்டியால் மூடிக்கொண்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்திருக்கிறார். மாலையைப் போட்டு நெஞ்சில் விழுந்து அழுதவளை, “எவடி அவ, மூச்சு முட்டுது!” என்று தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சட்டையில்லாமல், டவுசரில் தண்ணீர் சொட்ட, முகத்தில் அந்தக் கூடையோடு நின்றேன். மூச்சு வாங்கியதில் மாஸ்க்குக்குள் ஆவி படிந்தது. நல்லவேளை, அதன்பின் யார் முகமும் தெரியவில்லை.

“நீங்கதானேங்க கடையில மீசை எடுத்தது?” என்றார் கூட்டத்தோடு வந்து நின்ற மண்டிக்காரர். “அப்பாவான்னு கேட்டப்ப பேசாம இருந்தீங்களே!”

“அவன் எந்தக் காலத்துல பேசுனான், இன்னிக்குப் பேசறதுக்கு?” என்றார் அப்பா. “டேய், இங்க வா. அதைக் கழட்டு.”

கழற்றினேன். கிட்டே போய் நின்றேன். அப்பா என் மீசை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எதுக்குடா எடுத்த?”

“மீசை வழியா தண்ணி வருதுங்கப்பா.”

“எதுல?”

“இந்தக் கண்ணாடிக்குள்ளங்க. கடலுக்குள்ள போட்டுப் பாக்கறதுக்கு.”

“கடலுக்குள்ள என்னா இருக்குது?”

“தெரியலைங்கப்பா.” அத்தனை பேர் எதிரில் மேற்கொண்டும் பேச வேண்டியிருந்தது. “எனக்குத் தண்ணிக்குள்ள எப்பவுமே ஒண்ணும் தெரிஞ்சதில்லைங்க. பாக்கணும்னு ஆசை.”

அத்தை மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். “எடுக்கக் கூடாததை எடுத்துட்டு வந்து நிக்கறான் பாரு. வூட்டுக்கு ஆகுமா இது? வயசாச்சே, புத்தி வேணாம்?”

“நீ சும்மா இருடி. உசுரோட இருக்கறவனுக்கு மாலையைப் போட்டவ நீ.” அப்பா என் மனைவி கையிலிருந்த செல்போனை வாங்கி, எட்டப் பிடித்துத் தன் படத்தைப் பார்த்தார். “இது எப்ப எடுத்தது? நல்லாத்தான் இருக்குது. இதையே வெச்சுக்கங்க, பின்னால ஆவும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். மனைவி டீ போட உள்ளே போனாள். அப்பா மாலையைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“போயிட்டு வா. உனக்கு மீசை மொளைக்கற வரைக்கும் நான் எங்கியும் போவ மாட்டன்.”

போய்வந்தோம். கடலைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவாக வராது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மிதந்தாள். மீன்கள் நிறைய இருந்தன. அடி மணல் உழுத நிலத்தில் சால் விட்ட மாதிரி வரிவரியாகக் கிடந்தது. சின்ன வயதில் வெறும் கேனை முதுகில் கட்டி நான் கிணற்றில் இறக்கிவிட்ட குழந்தை, தண்ணீருக்குள் கால் அடிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்த அடி இல்லை, அவளே பழகிக்கொண்ட வேறு அடி. நன்றாக இருந்தது.

இரண்டாவது முறை இறங்கிய அன்று மேலுதட்டில் முள்முள்ளாக வந்திருந்தது. மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்தது. ரூமுக்குப் போய் மருமகனின் ரேசரை வாங்கி மழித்துக்கொண்டேன். அப்போது எனக்கு, மீசை மொளைக்கற வரைக்கும் என்று அப்பா சொன்னது நினைவு வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். அப்பா கம்பு அடை தின்றுகொண்டிருப்பதாக, அவருக்குத் துணையாக வந்து தங்கியிருந்த அத்தை சொன்னாள்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அப்பா கட்டிலுக்குக் கூப்பிட்டு, சுட்டுவிரலால் என் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணும் வரலையே.”

“உப்புத் தண்ணிங்கப்பா. மெதுவாத்தான் வரும்.”

மாஸ்க் இப்போது மோட்டார் ரூமில் ஆணியில் தொங்குகிறது. மறுபடி எப்போது கடலுக்குப் போவோம் என்று தெரியாது. ஆனாலும் மண்டிக்குப் போகிற நாளில் அந்தச் சலூனுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முடிவெட்டுகிறவர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. ஊரில் கேட்கிறார்கள், கிண்டல் செய்கிறார்கள். வளர்த்துக்கொள்ளுங்கள் என்று மகளே சொல்லிவிட்டாள். சரி கண்ணு என்றேன். ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். நிழல் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக வந்தது. அந்த வாரம் அப்பாவுக்கு இருமல் அதிகமாக இருந்தது. பொழுது விடியும் முன் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். இருமல் அதனால் குறையவில்லை, மருந்தால்தான் குறைந்தது. அது எனக்கும் தெரியும்.

நேற்று அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது வழக்கம்போலத் தடவிப் பார்த்தார். காலையில்தான் மழித்திருந்தேன். வழவழவென்று இருந்திருக்கும். சோப்பு வாசனைகூட அவருக்கு வந்திருக்கும்.

“இன்னும் மொளைக்கலையாடா?”

“இல்லீங்கப்பா.”

கஞ்சியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

“அவசரமில்ல,” என்றார்.